பெரட்டுக் களத்தில் கிரகணம்

பத்மாவின் இடது மணிக்கட்டு உடைந்தது கிரகணத்துக்கு முந்தின வாரம். உடைத்தவர் அவளுடைய அண்ணன் அமிர்தலிங்கம். அடித்து உடைக்கவில்லை. கையைப் பிடித்து சாப்பாட்டு மேசையின் விளிம்பில் குறுக்காக வைத்து, தன் உடம்பின் கனத்தை எல்லாம் அதன்மேல் சாய்த்தார். எலும்பு போன சத்தம் அடுப்படியில் இருந்த அண்ணி பவளத்துக்குக் கேட்டது. பவளம் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் அடுத்தது தன் கை என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் தோட்டத்து கிளினிக்கில் மருந்துக்காரர் கட்டுப் போடும்போது எப்படி ஆனது என்று கேட்டார். மழைத்தண்ணீர் ஓடும் கானில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றாள் பத்மா. இதற்கு முன்னால் உதடு கிழிந்து வந்தபோதும், விலா எலும்பு நொறுங்கி வந்தபோதும் அதே கானில் விழுந்ததாகத்தான் சொல்லியிருந்தாள். அந்தக் கான் எது என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். மருந்துக்காரர் தலையை ஆட்டிக்கொண்டு, கட்டைக் கொஞ்சம் இறுக்கமாகவே போட்டார்.

ரிங்லெட் ஊரைத் தாண்டி மேலே ஏறும் சாலையில் இருந்தது அந்தத் தேயிலைத் தோட்டம். அமிர்தலிங்கம் அங்கே பெரிய கிராணி, ஆபீஸின் தலைமை எழுத்தர். தோட்டத்து மேலாளர்களான துரைகள் வருவார்கள், மாறிப் போவார்கள். பெரிய கிராணி மாறவில்லை. வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, கையில் ஒரு பிரம்பு. பிரம்பு நடப்பதற்கு அல்ல. காலையில் ஆட்கள் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டுக் களத்தில் யார் தாமதமாக வந்தாலும் கணுக்காலில் ஓர் அடி விழும். திருப்பிக் கேட்டால் முகத்தில் விழும். கொழுந்து பறிக்கும் மணியம்மாவின் மகன் ஒரு தடவை திருப்பிக் கேட்டான். அவனுக்கு விழுந்த அறையில் செவிப்பறை கிழிந்து, வலது காது அன்றோடு போயிற்று. அவன் தோட்டத்தை விட்டுப் போய் கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டினான். மணியம்மா போகவில்லை. தினமும் காலையில் அந்த மனிதர் முன்னால் வந்து நின்று பேர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அமிர்தலிங்கம் பிறக்கும்போதே அப்படி இருந்தவர் இல்லை. அவருடைய அப்பா அதே தோட்டத்தில் கங்காணி. பழைய வெள்ளைக்காரத் துரை ஒருவன், செடிக்கு மருந்து தவறாகக் கலந்துவிட்டார் என்று, அதே களத்தில் எல்லார் முன்னாலும் அப்பாவைக் குதிரைச் சவுக்கால் அடித்தான். பையனாக இருந்த அமிர்தலிங்கம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா அன்று இரவு சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல் படுத்தாராம். அதுதான் மகனுக்குப் பொறுக்கவில்லை. உலகத்தில் அடிக்கிறவன், அடிபடுகிறவன் என்று இரண்டு சாதிதான் உண்டு என்று அவர் முடிவு செய்தார். எந்தச் சாதியில் சேருவது என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை.

பத்மா அவருக்கு மிகவும் இளையவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபிறகு அவர்தான் வளர்த்தார், படிக்க வைத்தார், டீச்சர் ஆக்கினார். அதைத் தோட்டமே சொல்லும். வளர்த்த கை அடித்தால் அதைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை என்பதையும் தோட்டமே சொல்லும். சோறு குழைந்ததற்கு அடி. ஆசிரியர் கூட்டத்தில் ஆண்களோடு சிரித்ததற்கு அடி. அவர் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றதற்கு விழுந்த அடியில்தான் விலா எலும்பு போனது. அடி விழும்போது பத்மா கத்தமாட்டாள். முழங்காலை மடக்கி, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, சுவரோரமாகச் சுருண்டுகொள்வாள். கத்தினால் அதிகமாகும் என்று சின்ன வயதிலேயே கற்றிருந்தாள்.

வானம் பார்க்கும் பழக்கம் அவளுக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வந்தது. விரிவுரையாளர் ஒருவர் மாடியில் சின்னத் தொலைநோக்கி ஒன்றை வைத்து மாணவிகளை வரிசையாகப் பார்க்கவிட்டார். அவள் முறை வந்தபோது சனிக்கிரகம் தெரிந்தது, சுற்றிலும் வளையத்தோடு. அவளுக்கு முதலில் வந்தது ஆச்சரியம் இல்லை, ஆறுதல். அண்ணனுடைய கை எட்டாத ஓர் இடம் இருக்கிறது என்று தோன்றியது. வேலை கிடைத்ததும், ஊர் திரும்பிய ஓர் என்ஜினியரிடம் பழைய தொலைநோக்கி ஒன்றை வாங்கினாள். வீட்டுப் பின்கட்டில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தாள். எழுபத்தொன்பதாம் ஆண்டில் அமிர்தலிங்கம் அதைக் கண்டுபிடித்தார். விறகு பிளக்கும் கோடாலியால் அதை வெட்டினார். குழாய் நசுங்கியது, கண்ணாடி தூளானது. அப்புறம் கோடாலியைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். பள்ளிப் பிள்ளைகள் டீச்சருக்கு அம்மை போட்டிருக்கிறது என்று நம்பினார்கள். அவ்வளவு நாள் அவள் வெளியே தலைகாட்டவில்லை.

அடுத்த தொலைநோக்கியை அவள் வீட்டுக்குக் கொண்டு வரவில்லை. திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருந்த ஆ கியோங் என்ற சீனருக்கும் அதில் ஆசை இருந்தது. பூக்களை அடுக்கும் கொட்டகையில் இடம் கொடுத்தார். அவரும், பத்மாவும், தானா ராத்தாவில் வேலை பார்த்த சில ஆசிரியர்களும் சேர்ந்து வானம் பார்க்கும் சின்னக் கழகம் ஒன்றை ஆரம்பித்தார்கள். ஈப்போ, தைப்பிங், பினாங்கு, கோலாலம்பூர் என்று மற்ற ஊர்களிலும் இப்படிக் கழகங்கள் இருந்தன. எல்லாம் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு முறை கூடின. ஈப்போக் கழகத்தின் செயலாளர் சுகுமாரன் பள்ளியில் விஞ்ஞானம் கற்பிப்பவர், ஒல்லியானவர், அதிர்ந்து பேசாதவர். அந்தக் கூட்டங்களுக்குப் பத்மா போய்வந்ததெல்லாம் 'ஆசிரியர் பயிற்சி' என்ற பெயரில்.

கூட்டமைப்பின் பத்தாம் ஆண்டு நிறைவு எண்பத்தெட்டில் வந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் சூரிய கிரகணம் ஒன்றும் வந்தது. சுமத்ராவில் முழுதாக மறையும், நம் பக்கம் பாதிக்கு மேல் மறையும் என்றார்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம், எங்கே கூடுவது என்று பேச்சு வந்தபோது பத்மா எழுந்து எங்கள் தோட்டத்தில் கூடலாம் என்றாள். ஏன் சொன்னாள் என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். கிழக்குப் பக்கம் மலை மறைக்காத பெரிய பந்துத் திடல் அங்கே இருந்தது உண்மை. அது மட்டும் இல்லை. எத்தனையோ ஊரில் போய் விருந்தாளியாக இருந்தவள், ஒரு தடவை தன் மண்ணில் நின்று வாங்க என்று சொல்ல ஆசைப்பட்டாள்.

அனுமதியை அண்ணனிடம் கேட்கவில்லை. நேரே புதிய துரையிடம் போனாள். அவர் இளம் வயது மலாய்க்காரர், வந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. மகிழ்ச்சியோடு திடலையும் மண்டபத்தையும் கொடுத்தார். ஆட்களும் பார்க்கட்டும், அன்று காலை வேலையைத் தாமதமாகத் தொடங்கலாம் என்றார். அதை அவர் ஆபீசில் எல்லார் முன்னாலும் பெரிய கிராணியிடம் சொல்லி, இப்படி ஒரு தங்கை கிடைக்க நீங்கள் கொடுத்துவைத்தவர் என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அமிர்தலிங்கம் சிரித்தார். அன்று சாயங்காலம்தான் மணிக்கட்டு உடைந்தது.

"எனக்கு மேல துரைகிட்ட போறியா?" என்று மட்டும்தான் அவர் கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

கழகத்தார் கிரகணத்துக்கு முதல் நாள் பஸ்ஸிலும், கெரெத்தா என்ற சொந்தக் கார்களிலும் வந்து சேர்ந்தார்கள். மலை வளைவில் வாந்தி எடுத்தவர்கள் பாதிப் பேர். பள்ளிக்கூடத்தில் தங்க ஏற்பாடு. பவளமும் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டுப் பெண்கள் சிலரும் சமைத்தார்கள். பிற்பகல் மண்டபத்தில் ஆண்டு நிறைவுக் கூட்டம் நடந்தது. முன் வரிசையில், மாலை போட்டுக்கொண்டு, பெரிய கிராணி உட்கார்ந்திருந்தார். துரை அவரைச் சிறப்பு விருந்தினர் ஆக்கியிருந்தார்.

பத்மா கட்டுப் போட்ட கையைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு வரவேற்புரை பேசினாள். பேசும்போது அண்ணன் முகத்தைப் பார்க்காமலிருக்க, பின்சுவரில் ஒட்டியிருந்த சந்திரன் படத்தையே பார்த்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். அதிகம் தட்டியவர் அமிர்தலிங்கம். பிறகு மேடையேறி, பெற்றோர் இல்லாத குறை தெரியாமல் இந்தப் பிள்ளையை வளர்த்தேன் என்றார். கண் கலங்கினார். அதில் பொய் இருந்ததாக யாராலும் சொல்ல முடியாது.

காப்பி குடிக்கும்போது சுகுமாரன் அவளிடம் கையைப் பற்றி விசாரித்தார். கானில் வழுக்கியதைச் சொன்னாள். அவர் அவளுடைய கழுத்தில் இருந்த பழைய தழும்பையும், முன் வரிசையில் சாத்தியிருந்த பிரம்பையும் பார்த்துவிட்டு, நாளைக்கு எங்கள் கெரெத்தாவிலேயே ஈப்போவுக்கு வந்துவிடுங்களேன், என் மனைவி இருக்கிறாள், பயமில்லை என்றார். பத்மா தலையசைத்து மறுத்தாள். அந்த வார்த்தையை ஒருவர் சொல்லிவிட்டார் என்பதே அவளுக்கு அன்றைக்குப் போதுமாக இருந்தது.

மறுநாள் விடிந்தபோது திடல் முழுவதும் மூடுபனி. கழகத்தார் தொலைநோக்கிகளை வரிசையாக நிறுத்திவிட்டு உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதால், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வெள்ளை அட்டை. அதில் சூரியனின் உருவம் விழும்படி அமைத்திருந்தார்கள். பெரட்டுக் களம் திடலை ஒட்டியே இருந்தது. முதுகில் கூடையும், செடியின் மட்டம் பார்க்கும் மூங்கில் கம்புமாகப் பெண்கள் வந்து நின்றார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் மட்டும் லைன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள்.

பனி விலகியது. அட்டையில் தேங்காய்ச் சில் அளவு வெளிச்சம் விழுந்தது, ஓரத்தில் குறைந்து. பத்மா நல்ல கையால் பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டினாள். மணியம்மா குனிந்து பார்த்தாள்.

"யாரோ கடிச்சுப் போட்ட ரொட்டி மாதிரிலா இருக்கு" என்றாள்.

பெண்கள் சிரித்தார்கள். பெரட்டுக் களத்தில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்புதான் ஆபீஸ் வாசலில் நின்றவரைக் கிளப்பியது.

துரை அன்று அதிகாலையே தாப்பாவுக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார். அமிர்தலிங்கம் நேற்று மேடையில் காட்டிய கனிவு இல்லாமல் திடலுக்குள் இறங்கி வந்து, பார்த்தது போதும், மலைக்குப் போங்கள் என்று பெண்களுக்கு உத்தரவு போட்டார். யாரும் அசையவில்லை. துரை நேரம் கொடுத்திருக்கிறார் என்று ஒருத்தி முணுமுணுத்தாள். யார் என்று அவர் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த மணியம்மாவின் முதுகில் பிரம்பை வீசினார். கூடையில் பட்டது. இரண்டாவது அடி கழுத்தில் பட்டது. அவள் அட்டைமேல் கவிழ்ந்தாள்.

பத்மா இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"அண்ணே, போதும்."

முப்பத்தாறு வயதில் அவள் அவரிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஐந்து ஊர்க் கழகத்தாரும் கேட்டார்கள். அமிர்தலிங்கம் ஒரு நொடி புரியாதவர்போல நின்றார். அப்புறம் பிரம்பை மாற்றிப் பிடித்து, தடித்த பக்கத்தால், கட்டுப் போட்ட கையின்மேல் அடித்தார். அவள் மடங்கினாள். கூந்தலைப் பிடித்துத் தூக்கி முகத்தில் அறைந்தார். வாயில் ரத்தம் வந்தது. அப்படியே இழுத்துக்கொண்டு ஆபீஸ் பக்கம் நடந்தார். வழியில் தைப்பிங் கழகத்தாரின் தொலைநோக்கி நின்றது. அதைக் காலால் உதைத்தார். அது முக்காலியோடு சாய்ந்து, கண்ணாடி வெடித்தது.

கழகத்தார் படித்தவர்கள், வெளியூர்க்காரர்கள். குடும்ப விஷயம் என்று சிலர் நின்றுவிட்டார்கள். சுகுமாரன் ஓடிவந்து அமிர்தலிங்கத்தின் கையைப் பிடித்து, டீச்சரை விடுங்கள் என்றார். அமிர்தலிங்கம் அவளை விட்டார். கீழே கிடந்த முக்காலியின் முறிந்த காலை எடுத்து சுகுமாரனின் மண்டையில் அடித்தார். சுகுமாரன் சத்தமில்லாமல் உட்கார்ந்தார். காதுக்கு மேலிருந்து ரத்தம் கொட்டி, சட்டைப்பையில் குத்தியிருந்த கழகத்தின் பேட்ஜ்வரை நனைத்தது.

அப்போது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. குளிர் திரும்பி வந்தது. தேயிலைச் சரிவில் குருவிகள் அடங்கிப்போயின. மணியம்மா கழுத்தைத் தடவிக்கொண்டே எழுந்தாள். கூடையைக் கழற்றி வைத்தாள். மூங்கில் கம்பை எடுத்துக்கொண்டு பின்னாலிருந்து போய் பெரிய கிராணியின் இரண்டு முழங்கால்களுக்கும் பின்புறம் ஒரே வீச்சாக வீசினாள். அவர் மண்டியிட்டு விழுந்தார்.

"காது கேக்குதா கிராணியய்யா?" என்றாள்.

அதற்குப் பிறகு பேச்சு இல்லை. எல்லாப் பெண்களும் ஒன்றாக இறங்கினார்கள். கணுக்காலில் வாங்கியவர்கள், புருஷன் முன்னால் வாங்கியவர்கள், வயிற்றுப் பிள்ளையோடு வாங்கியவர்கள். கம்பால் அடித்தார்கள், கம்பு முறிந்தபோது முறிந்த முனையால் குத்தினார்கள், மிதித்தார்கள். ஒருத்தி அவருடைய பிரம்பையே எடுத்து அவர் வாயில் அடித்தாள், பல் தெறித்தது. முறிந்த மூங்கில் ஒன்று அவருடைய வலது கண்ணில் இறங்கியது. யாருடைய கையில் இருந்தது என்று இன்றுவரை யாரும் சொன்னதில்லை. அவர் எழுப்பிய சத்தம் லைன் வீடுகள்வரை கேட்டது. மருந்துக்காரர் கிளினிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே போனார்.

பத்மா புல்லில் உட்கார்ந்து இதைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். சுகுமாரன் பக்கத்தில் கிடந்த முக்காலிக் காலை நல்ல கையால் எடுத்தாள். பெண்கள் அவளுக்கு வழிவிட்டார்கள். அண்ணனுடைய வலது கை தரையில் விரிந்து கிடந்தது, மேசை விளிம்பில் சாய்ந்த அதே கை. முக்காலிக் காலை ஓங்கி அதன் விரல்கள்மேல் இறக்கினாள். மறுபடியும் ஓங்கி இறக்கினாள். எலும்பு நொறுங்குவது மரத்தின் வழியாக அவள் உள்ளங்கைக்குத் தெரிந்தது. அவளுக்கு அது இனித்தது.

மூன்றாவது தடவை ஓங்கியபோது அமிர்தலிங்கம் முழங்காலை மடக்கினார். நொறுங்கிய கையையும் நல்ல கையையும் கொண்டு தலையை மூடிக்கொண்டு, பக்கவாட்டில் சுருண்டார். பத்மாவுக்கு அந்தக் கிடப்பு தெரியும். உள்ளே இருந்து தெரியும். வெளியிலிருந்து அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஓங்கிய கை அப்படியே நின்றது.

அவள் நிறுத்தினாலும் மற்றவர்கள் நிறுத்தவில்லை. தலையில் அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போனால் உயிர் இருக்காது. பத்மா அவருக்குக் குறுக்கே இரண்டு காலையும் அகட்டி நின்றுகொண்டு, முக்காலிக் காலைச் சுற்றி வீசினாள். ஒரு பெண்ணின் தோளில் பட்டது. அவளுக்கும் இரண்டு மூங்கில் அடி விழுந்தது, ஒன்று புருவத்தைக் கிழித்தது.

"விடுங்க. செத்துருவாரு" என்றாள்.

"சாகட்டும் டீச்சரம்மா" என்றாள் மணியம்மா. மூச்சு வாங்கியது. "நீங்க நகருங்க."

"செத்தா உங்களத் தூக்குல போடுவாங்க மணியம்மா. இவருக்காகவா?"

மணியம்மா கம்போடு நின்றாள். அவள் முகத்தில் வேர்வையும் ரத்தமும் இருந்தன. ரத்தம் அவளுடையது இல்லை. பிறகு மணியம்மா காறித் துப்பிவிட்டுக் கம்பைக் கீழே போட்டாள். மற்றவர்களும் போட்டார்கள். கூடைகளை மாட்டிக்கொண்டு வரிசையாக மலையேறினார்கள். திடலில் மிச்சமிருந்த அட்டைகளில் சூரியன் மெல்ல நிறைந்துகொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை.

ஆ கியோங்கின் பூ லோரியில் காயம்பட்டவர்களைத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார்கள். சுகுமாரனுக்குத் தையல். அமிர்தலிங்கத்தை அங்கிருந்து ஈப்போவுக்கு அனுப்பினார்கள். உயிர் தப்பியது, வலது கண் தப்பவில்லை. வலது கை விரல்கள் பிறகு ஒருபோதும் பேனா பிடிக்கவில்லை.

போலீஸ் இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்கு வந்து பத்மாவிடம் விசாரித்தார். அண்ணனை அடித்தது நான்தான், நான் மட்டும்தான் என்றாள். அவர் அவளுடைய கட்டுப் போட்ட கையைப் பார்த்து, ஒரு கையாலா என்று கேட்டார். ஒரு கையாலேயே முடிந்தது என்றாள். கழகத்தார் யாரும் பெண்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. தோட்டத்துக்குப் போய்ப் பெண்களையும் விசாரித்தார்கள். ஒவ்வொருத்தியும் ஒரே பதிலைச் சொன்னாள்.

"நாங்க அந்தப் பக்கம் பாக்கலய்யா. சூரியனப் பாத்துக்கிட்டு இருந்தோம்லா."

அமிர்தலிங்கம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், கொழுந்து பறிக்கும் பொம்பளைகள் தன்னைப் போட்டு மிதித்தார்கள் என்று கோர்ட்டில் சொல்ல வேண்டும். அது அவரால் முடியவில்லை. தங்கை திடீரென்று வெறி பிடித்தவள்போல் தாக்கினாள் என்றே அவரும் எழுதிக் கொடுத்தார். ஆகவே இரண்டு பேர் வாக்குமூலங்களும் ஒத்துப்போயின.

வழக்கு மாஜிஸ்திரேட் முன்னால் வந்தபோது பவளம் சாட்சிக் கூண்டில் ஏறினாள். யாரும் அவளை எதிர்பார்க்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக்குள் நடந்ததை, அடுப்படியில் மீன் கழுவியபடியே பேசுகிறவள்போல, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். பிறகு சேலையை முழங்கைக்கு மேலே ஒதுக்கி, கொதிக்கும் எண்ணெய் ஊற்றிய இடத்தைக் காட்டினாள். அமிர்தலிங்கம் மிச்சமிருந்த கண்ணால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்மாவை ஓராண்டு நன்னடத்தைப் பிணையில் விட்டார்கள். சுகுமாரனின் மண்டையை உடைத்ததற்கும், தங்கையின் கையை முறித்ததற்கும் அமிர்தலிங்கத்துக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. தோட்டத்து வேலையும் போயிற்று.

கல்வி இலாகா பத்மாவை வடக்கே கோலா தெர்லா பக்கத்துப் பள்ளிக்கு மாற்றியது. பவளமும் கூடவே வந்தாள். பழைய மாட்டுக் கொட்டகையைத் திருத்தி இரண்டு பேரும் குடியிருந்தார்கள். பவளம் மணியம்மாவின் மகனோடு கூட்டுச் சேர்ந்து, முட்டைக்கோசும் தக்காளியும் வாங்கி லோரியில் கீழே அனுப்பினாள். அவனிடம் பேச வேண்டுமென்றால் இடது பக்கம் போய் நின்று பேச வேண்டும். சீக்கிரத்தில் அது அவளுக்குப் பழகிவிட்டது.

அடுத்த ஆண்டு ஈப்போவில் கழகங்கள் கூடின. பத்மாவைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று அங்கே வாக்குவாதம் நடந்ததாம். சுகுமாரன், கூப்பிடாவிட்டால் நானும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அவள் போனாள். மண்டபத்தில் எல்லாரும் தன்னையே பார்ப்பது தெரிந்தது. கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பெண்மணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு வீரம் உங்களுக்கு என்றார்.

பத்மா கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"வீரம் இல்லீங்க. எனக்கு அடிக்கப் பிடிச்சிருந்துச்சு. அதான் நிறுத்தினேன்."

அந்தப் பெண்மணிக்கு அது விளங்கவில்லை. பத்மாவும் விளக்கவில்லை. அன்றிலிருந்து வகுப்புக்குப் பிரம்பு எடுத்துப் போவதை விட்டாள். தலைமையாசிரியர் கேட்டதற்கு, பிள்ளைகள் சத்தம் போட்டால் போடட்டும் என்றாள். அவளுடைய வகுப்பு அந்தப் பள்ளியிலேயே அதிகச் சத்தமான வகுப்பாக இருந்தது.

அமிர்தலிங்கம் சிறையிலிருந்து வெளியே வந்து தாப்பாவில் ஒரு தூரத்து உறவுக்காரர் வீட்டில் ஒதுங்கியிருக்கிறார் என்று செய்தி வந்தது. உடம்பு சரியில்லை, தங்கையைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறாராம். செய்தி கொண்டு வந்தவர் போனபிறகு, காய்கறிக் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்த பவளம் நிமிர்ந்தாள்.

"போய்ப் பாக்கப் போறியா?"

பத்மா ஒரு கூடையை இழுத்து வரிசையில் வைத்தாள். வளர்த்தவர்தான். பள்ளிக்கூடத்துக்குத் தோளில் தூக்கிப் போனவரும் அவர்தான். மழை நாளில் தன் சட்டையைக் கழற்றி அவள் தலையில் போட்டிருக்கிறார். அதெல்லாம் ஞாபகம் இருந்தது. மணிக்கட்டு குளிருக்கு வலித்தது.

"இல்ல அண்ணி" என்றாள். "சாகக் கூடாதுன்னு தடுத்தேன். அவ்வளவுதான் என்னால முடிஞ்சது."

லோரி வந்து நின்றது. இருவரும் முட்டைக்கோசுக் கூடைகளை ஏற்றத் தொடங்கினார்கள்.